ஆறு நாள் வீடு

திருவேங்கடம் என்ற பெயரைக் கேட்டதும் அன்பர்கள் மனம் ஏழுமலைக்குத்தான் செல்லும். அதே பெயரில் தென்காசி மாவட்டத்திலும் ஓர் ஊர் இருக்கிறது. சங்கரன்கோவிலுக்கு வடகிழக்கே, கழுகுமலைக்கு அப்பால், கரிசல் மண்ணின் நடுவே அமைந்த ஊர். 2019-இல் தென்காசி தனி மாவட்டமாகும் வரை நெல்லை மாவட்டத்தோடு இருந்தது. வானம் பார்த்த பூமி. பருத்தி, சோளம், கம்பு, உளுந்து. இவற்றோடு தீப்பெட்டித் தொழில். அங்கே வாழ்வோர் அன்றாடம் காணக்கூடிய பெரிய நீர்ப்பரப்பு, மழைக்காலத்துக் கண்மாய்தான். திருச்செந்தூர்க் கடலைக் காண வேண்டுமென்றால் தென்கிழக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டும்.

கடலோடு ஒட்டும் உறவும் இல்லாத இப்படிப்பட்ட கரிசல் ஊர்களிலிருந்து, ஆண்டுக்கு ஒருமுறை குடும்பத்தோடு புறப்பட்டு, கடற்கரை ஊரில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து ஆறு நாள் தங்கிவரும் வழக்கம் பழையது. அதை யாரும் ‘விடுமுறைப் பயணம்’ என்று சொன்னதில்லை. ‘சஷ்டிக்குப் போகிறோம்’ என்பார்கள். அவ்வளவுதான்.

முருகனை வழிபட அத்தனை தூரம் போக வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. பக்கத்திலேயே கழுகுமலையில் கழுகாசலமூர்த்தி மயில்மேல் அமர்ந்திருக்கிறார். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடியதும் அவர்மீதுதான். அங்கும் கந்த சஷ்டி சிறப்பாக நடைபெறுகிறது. ஆனாலும் சூரனை வென்ற கரை திருச்செந்தூர்க் கரை. ஆறுபடை வீடுகளில் கடலோரத்தில் அமைந்தது அது ஒன்றுதான். அதன் பழம்பெயரே திருச்சீரலைவாய். அலை வந்து தொடும் இடம். சூரபதுமன் மாமரமாகிக் கடல் நடுவே நின்றான் என்று கந்தபுராணம் சொல்லும்போது, அலையோசை காதில் விழக் கேட்பதற்கும் ஊர் மண்டபத்தில் அமர்ந்து கேட்பதற்கும் வேறுபாடு உண்டு.

ஆறு நாள் வேலையை விட்டுவிட்டுப் போக இந்த வட்டாரத்து உழைப்பாளிகளுக்கு எப்படி இயன்றது என்பதும் கவனிக்கத்தக்கது. தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் பிரதமையில் சஷ்டி விரதம் தொடங்கிவிடுகிறது. சிவகாசியைச் சுற்றியுள்ள பட்டாசு ஆலைகள் தீபாவளி வரை இரவு பகலாக ஓடிவிட்டு, அதன்பின் சில வாரங்கள் மூடிக் கிடக்கும். கையில் போனஸ் பணம் கொஞ்சம் மிச்சம் இருக்கும். கரிசல் காட்டில் விதைப்பை முடித்தவர்களுக்குக் களையெடுப்பு வரும் வரை சற்று ஓய்வு. முருகன் தன் திருவிழாவை இவர்கள் வசதி பார்த்தே வைத்துக்கொண்டான் போலும்.

போக்குவரத்தும் ஒரு காலத்தில் பெரும் பாடு. கோவில்பட்டிக்குப் போய் ரயிலேறி, திருநெல்வேலியில் இறங்கி, அங்கிருந்து திருச்செந்தூர் வண்டி. 1923-இல் போடப்பட்ட அந்த மீட்டர்கேஜ் பாதையில் செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என்று ஒவ்வோர் ஊரிலும் நின்று நின்று போகும். குடும்பம் புறப்படும்போது அரிசி, பருப்பு, மிளகாய்வற்றல், மண்ணெண்ணெய் அடுப்பு, அண்டா, ஜமுக்காளம், தலையணை எல்லாம் மூட்டையாகக் கூடவே வரும். தாமிரபரணியின் பச்சை வயல்களைச் சன்னல் வழியே பார்த்ததும், கரிசல் பிள்ளைகளுக்கு அப்போதே பாதித் திருவிழா தொடங்கிவிடும்.

தங்குமிடம் ஆளுக்கு ஏற்றபடி அமைந்தது. வசதி இல்லாதோர் கோயில் பிரகாரத்திலேயே துண்டை விரித்து ஆறு நாளையும் கழித்தனர். பல சமூகத்தார் தத்தம் மக்களுக்கென மடங்களும் சத்திரங்களும் கட்டி வைத்திருந்தனர். பரம்பரையாகத் திருச்செந்தூரில் வழிபாட்டுப் பணி செய்யும் திரிசுதந்திரர் குடும்பங்களுக்கும் வெளியூர் அடியார்களுக்கும் தலைமுறைத் தொடர்பு உண்டு. (இவர்கள் இரண்டாயிரவர் என்றும், ஒருவர் குறைந்தபோது அந்த இரண்டாயிரமாவது ஆளாக முருகனே நின்றான் என்றும் ஊரில் சொல்வார்கள்.) குழந்தை குட்டிகளோடு வருவோர், வீட்டுக்காரர் பின்கட்டுக்கு ஒதுங்கிக்கொள்ள, முன்கூடத்தையும் திண்ணையையும் வாடகைக்கு எடுத்துக்கொள்வார்கள். கிணற்றடி பொது. அம்மிக்கு முறைவைத்துக் காத்திருக்க வேண்டும்.

அந்த வீடு வெறும் உறைவிடமாக மட்டும் இருக்கவில்லை. விரதம் இருக்கும் பாட்டி ஒரு மூலையில் கவசம் சொல்லிக்கொண்டிருப்பார். விரதம் இல்லாத மருமகள் பிள்ளைகளுக்குப் புளிச்சாதம் கிளறுவாள். ஆண்கள் நாழிக்கிணற்றில் குளித்துவிட்டு ஈரவேட்டியோடு திண்ணையில் வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். பிள்ளைகள் மணலோடு உள்ளே ஓடிவந்து அடி வாங்குவார்கள். தவமும் விளையாட்டும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. ஒன்று மற்றொன்றைக் கெடுத்துவிட்டதாக அந்நாளில் எவரும் புகார் சொன்னதில்லை.

இப்போது எல்லாம் சுருங்கிவிட்டது. பிரகாரத்தில் தங்கும் வழக்கம் போய், விரதமிருப்போருக்காகக் கோயிலுக்கு வெளியே தற்காலிகக் கொட்டகைகள் போடப்படுகின்றன. யாத்ரி நிவாஸ் கட்டடம் 2024-இல் திறக்கப்பட்டது. ஊர் முழுதும் விடுதிகள். ஆனால் பெரும்பாலான குடும்பங்களுக்குச் சஷ்டி என்பது ஆறாம் நாள் காலையில் காரில் புறப்பட்டு, மாலையில் சூரசம்ஹாரம் பார்த்து, நள்ளிரவில் நெரிசலுக்கிடையே திரும்பி வருவதாகிவிட்டது. அந்த அவசரத்தில் முதலில் விடுபடுவோர் முதியவர்கள். ‘கூட்டத்துல உங்களால முடியாது, டிவியில நேரடியா காட்டுறாங்க’ என்று சொல்லி வீட்டுக் காவலுக்கு வைத்துவிட்டுப் போகிறார்கள். சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். கூட்டம் உண்மையிலேயே பெரியதுதான். ஆனால் முப்பது நாற்பது ஆண்டுகள் அந்தக் கரையில் நின்றவருக்கு அந்த வார்த்தை எப்படி இருக்கும் என்பதைச் சொன்னவர்கள் பிற்பாடு, தங்கள் முறை வரும்போது அறிவார்கள்.

மற்றொரு பக்கமும் உண்டு. இளையோருக்குக் கடல் வேண்டும். கோயில் கட்டாயம் இல்லை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எங்காவது நீச்சல்குளம் உள்ள விடுதிக்குப் போகலாம் என்கிறார்கள். பெரியவர்களோ கடற்கரைக்குச் சும்மா பொழுதுபோக்கப் போவது மேல்நாட்டுப் பழக்கம் என்று முகம் சுளிக்கிறார்கள். இதில் இரு தரப்புக்கும் பாதி நியாயமே உண்டு.

மேல்நாட்டில் கடற்கரை விடுமுறை மருத்துவத்தில் தொடங்கியது என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்னும் ஆங்கில மருத்துவர் நோயாளிகளுக்குக் கடல்நீராடலை மருந்தாகச் சொன்னார். பிரைட்டன் என்ற மீனவர் ஊர் அதனால் செல்வர்களின் ஊராயிற்று. பின்னர் ரயில் வந்தது. 1871-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் வங்கிகளுக்கென்று சில விடுமுறை நாள்களைச் சட்டத்தால் வகுத்தபின், சாமானியரும் குடும்பத்தோடு கடற்கரைக்குத் திரண்டனர். வங்கி கணக்கை மூடியதால் ஊரே கடலுக்குப் போயிற்று என்பது வேடிக்கையான வரலாறுதான். நம் நாட்டிலோ கடலாடுதல் தீர்த்தமாடல். இராமேசுவரமும் திருச்செந்தூரும் எந்த மருத்துவர் சொல்லுக்கும் காத்திருக்கவில்லை.

இரண்டையும் உறுத்தல் இல்லாமல் சேர்த்துக்கொண்டவர்கள் வங்காளத்தார். புரி ஜகந்நாதர் அவர்களுக்குத் தெய்வம். புரிக் கடற்கரை அவர்களுக்கு விடுமுறை. காலையில் தரிசனம், மாலையில் குடும்பத்தோடு அலையில் நிற்பது. கோயில் மகாபிரசாதம் மண்பானைகளில் கிடைப்பதால் வீட்டுப் பெண்களுக்கு அடுப்படியிலிருந்தும் விடுதலை. தாத்தா பாட்டியை விட்டுவிட்டுப் புரிக்குப் போவதை அந்தக் குடும்பங்கள் எளிதில் நினைத்தும் பார்ப்பதில்லை. நமக்கு அப்படி ஓர் ஊர் இல்லையா என்றால், இருக்கிறது. வாடகை வீட்டை மட்டும் மறந்துவிட்டோம்.

திருவேங்கடத்துக் குடும்பம் ஒன்று அதை மீண்டும் எடுத்துப் பார்த்தது. வீட்டு அம்மாளுக்கு 76 வயது. ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற கணவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. அவர் இருந்தவரை இருவரும் சேர்ந்து முப்பது சஷ்டிக்கு மேல் செந்தூரில் கழித்தவர்கள். மூத்த மகன் சென்னையில், இளையவன் பெங்களூரில், மகள் கோவில்பட்டியில். 2025 தீபாவளிக்கு எல்லோரும் வந்திருந்தபோது, அடுத்த வார இறுதியில் பிள்ளைகளோடு ஏதாவது கடற்கரை விடுதிக்குப் போகலாம் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தனர். அம்மாள் செந்தூர் என்றார். மூத்தவன் வயதையும் சர்க்கரை நோயையும் எடுத்துச் சொன்னான்.

“என்னால முடியாதுன்னு டாக்டர் சொன்னாரா, நீ சொல்லுதியா?” என்று கேட்டார் அம்மாள்.

பதில் சொல்ல ஆள் இல்லை. மகள்தான் வழி கண்டாள். விடுதி அறைக்குப் பதிலாகத் திருச்செந்தூரில் கடலுக்குப் பக்கமாக ஒரு வீட்டையே ஏழு நாளைக்கு எடுத்துவிட்டால், அம்மா விரதம் இருக்கட்டும், பிள்ளைகள் கடலில் விளையாடட்டும் என்றாள். திரிசுதந்திரர் குலத்துப் பெரியவர் ஒருவரின் வீடு கிடைத்தது. அக்டோபர் 22 புதன்கிழமை விரதத் தொடக்கம். தாயும் மகளும் முதலிலேயே போய்விட்டார்கள். மகன்களின் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை இரவு வந்து சேர்ந்தன.

சனிக்கிழமை காலையிலேயே உரசல். பெங்களூர்ப் பேரனுக்குப் பத்து வயது. விழித்ததும் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டே கடலுக்கு ஓடினான். திரும்பி வந்ததும் கோயிலுக்கு வரமாட்டேன், மறுபடி கடலுக்குப் போக வேண்டும் என்றான். ‘சாமி ஊருக்கு வந்து ஆட்டமா ஆடுறது?’ என்று ஆச்சி கடிந்துகொண்டார். அவன் அப்பாவுக்குக் கோபம். மகள் தரிசன வரிசைக்குப் போயிருந்தாள். இத்தனைக்கும் நடுவில், அம்மாளின் பேச்சு குழறுவதை முதலில் கவனித்தவள் இளைய மருமகள்தான். உடல் வியர்த்து, கை நடுங்கிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். அம்மாள் மூன்று நாளாக இரவில் மட்டும் பாலும் பழமும் உட்கொண்டு விரதம் இருந்தார். ஆனால் காலை மாத்திரையை வழக்கம்போல் விழுங்கிக்கொண்டே வந்தார். சாப்பாடு இல்லாத வயிற்றில் அந்த மாத்திரை சர்க்கரையின் அளவை மிகவும் கீழே இறக்கிவிட்டது. மருமகள் உடனே சர்க்கரை கரைத்த நீரைக் கொடுத்தாள். பெரியவர் மறுத்தார், விரதம் முறிந்துவிடும் என்றார். ‘அத்தை, குடிங்க; அப்புறம் திட்டுங்க’ என்று வாயருகே வைத்துப் புகட்டிவிட்டாள். சற்று நேரத்தில் தெளிவு வந்தது. தெளிவோடு அழுகையும் வந்தது. கணவர் போனபின் முதன்முதலாக இருக்கும் சஷ்டி நான்காம் நாளிலேயே உடைந்துபோயிற்று என்று.

பின்கட்டிலிருந்து வந்த வீட்டுக்காரப் பெரியவர் அதைக் கேட்டுச் சிரித்தார். நீர், கிழங்கு, பழம், பால், வேள்வியில் இடும் அவி, அந்தணரின் விருப்பம், குருவின் சொல், மருந்து ஆகிய எட்டும் விரதத்தைக் கெடுப்பதில்லை என்று சாஸ்திரமே சொல்லியிருக்கிறதே, தாங்கள் குடித்தது மருந்து என்றார். இது அவர் ஆறுதலுக்காகச் சொன்ன சமாதானம் அன்று. நெடுங்காலமாக வழங்கிவரும் விதி. விரதம் என்றால் உடலை வதைப்பது என்று தாமாகவே எண்ணிக்கொள்ளும் முதியோர் பலர். உமிழ்நீர் விழுங்கினாலும் குற்றமோ என்று அஞ்சுவோரும் உண்டு. நூலில் உள்ள இந்த இளக்கம் வயோதிகருக்கும் நோயாளருக்கும் எட்டாமலே போய்விடுகிறது.

மருத்துவர் ஒருவரிடம் அன்றே காட்டினார்கள். மீதியுள்ள நாள்களில் எந்த வேளையில் என்ன உண்பது, எந்த மாத்திரையைக் குறைப்பது என்று அவர் எழுதிக் கொடுத்தார். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்ளும் அன்பர்கள் இந்த ஆலோசனையை விரதத்துக்கு ஒரு வாரம் முன்பே தத்தம் மருத்துவரிடம் பெற்றுக்கொள்வது நல்லது. தாமே மாத்திரையை நிறுத்துவதும் தவறு. உணவை நிறுத்தி மாத்திரையை மட்டும் தொடர்வது அதைவிடத் தவறு. மற்றொன்று: இதே அம்மாள் பூட்டிய விடுதி அறையில் தனியே கவசம் படித்துக்கொண்டிருந்தால் அந்தப் பேச்சுக் குழறலை யார் கேட்டிருப்பார்கள்?

பேரனின் சங்கதிக்கு வருவோம். அன்று மாலை மழை. கடலுக்குப் போக முடியாமல் திண்ணையில் முடங்கிக் கிடந்தவனுக்கு ஆச்சி ஒரு கதை சொன்னார். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் டச்சுக்காரர்கள் இந்தக் கோயிலைப் பிடித்துக்கொண்டு, போகும்போது சண்முகர் திருமேனியைக் கப்பலில் ஏற்றிச் சென்றனர். நடுக்கடலில் புயல். அஞ்சியவர்கள் திருமேனியைக் கடலில் போட்டுவிட்டார்கள். நெல்லையில் இருந்த வடமலையப்பப் பிள்ளையின் கனவில் முருகன் தோன்றி, எலுமிச்சம்பழம் மிதக்கும் இடத்தில், மேலே கருடன் வட்டமிடும் இடத்தில் தேடு என்றான். அவர் படகில் போய் 1653-இல் மீட்டுவந்தார். இந்தத் தலவரலாற்றைக் கேட்ட பையன் கேட்டது ஒரே கேள்வி: அந்த இடம் கரையிலிருந்து எத்தனை கிலோமீட்டர்? ஆச்சிக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை எவரும் அழைக்காமலே அவன் சண்முகர் சந்நிதிக்குக் கிளம்பிவிட்டான். திருமேனியில் கடலரித்த தழும்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். பக்தி எந்த வாசலால் நுழையும் என்று பெரியவர்கள் தீர்மானித்துவிட முடியாது. கடலில் ஆடும் பிள்ளையைத் தடுத்துக் கோயிலுக்கு இழுப்பவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

அந்தக் கடலைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றம் மிகுதியாகவும் இறக்கம் மிகுதியாகவும் இருப்பது கடலின் இயல்பு. திருச்செந்தூரில் அந்நாள்களில் கடல் பின்வாங்கிப் பாறைகள் வெளியே தெரிவதைப் பலரும் கண்டிருப்பார்கள். சஷ்டியின் முதல் இரண்டு மூன்று நாள்கள் அமாவாசைக்கு அடுத்தவை. வெளிப்பட்ட பாறைகளில் பாசி வழுக்கும். அண்மை ஆண்டுகளில் கடலரிப்பால் கரை சில இடங்களில் படிபோல வெட்டுண்டு போயிருக்கிறது. அலை திடீரென்று தள்ளும்போது கால் முறிந்தவர்களும் உண்டு. வயதானவர்கள் இடுப்பளவு நீரில் இறங்கியே தீர வேண்டும் என்பதில்லை. கரையில் அமர்ந்து, துணைக்கு வந்தவர் செம்பில் மொண்டு வந்து தலையில் தெளித்தாலும் தீர்த்தம் தீர்த்தமே.

கடலாடியபின் நாழிக்கிணறு. பெரிய கிணற்றுக்குள் ஒரு சிறு கிணறு. கடலுக்கு இவ்வளவு அருகில் இருந்தும் உப்புக் கரிக்காத நீர். படைவீரர் தாகம் தீர முருகன் வேலால் அகழ்ந்தது என்பது தலவரலாறு. மணற்பாங்கான கடற்கரைகளில் மழைநீர் உள்ளே இறங்கி, கனம் மிகுந்த உப்புநீரின்மேல் ஏடுபோல் மிதந்து நிற்கும் என்பது நிலநீர் ஆய்வாளர் சொல்வது. ஏடு போன்றது என்பதால்தான் அளவாக எடுக்கும் வரை நன்னீர் நிலைக்கிறது. ஆழக் குழாயிறக்கி மோட்டாரால் உறிஞ்சினால் கீழே உள்ள உப்பு மேலேறிவிடும். கடலோர ஊர்களில் வீடு பிடிப்போர் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேட்க வேண்டிய காரணமும் இதுவே.

வீடு பிடிப்பதில் வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. கைப்பேசியில் படம் பார்த்து, முகமறியாதவர் கணக்குக்கு முழு வாடகையையும் அனுப்பிவிடக் கூடாது. திருவிழாக் காலத்தில் இல்லாத வீட்டுக்கு வாடகை வாங்கும் கூட்டம் எல்லாத் தலங்களிலும் முளைக்கிறது. வீட்டில் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, சிறிது முன்பணம் கொடுத்து, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். தரைத்தளம், உட்கார்ந்து எழக்கூடிய கழிப்பறை, அதில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. இவை மூன்றும் கடல் தெரியும் மாடியைவிட முக்கியம். மருந்துகள் ஒரு வாரத்துக்குக் கூடுதலாகவே கையில் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எல்லாம் இந்தக் கரைக்கு மழை மாதங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்தில் சிக்கி நின்றதையும் நெல்லைச் சீமை மறக்கவில்லை. அப்போது பக்கத்து ஊர் மக்கள்தாம் வெள்ளத்தில் நடந்து வந்து சமைத்துப் போட்டார்கள். எல்லோருக்கும் எப்போதும் அப்படி அமையும் என்று சொல்ல முடியாது.

திங்கட்கிழமை, அக்டோபர் 27, சூரசம்ஹாரம். அம்மாளைக் கடற்கரைக் கூட்டத்துக்குள் அழைத்துப் போவதில்லை என்று முடிவாயிற்று. இந்த முறை அவரும் வாதாடவில்லை. மகன்கள் பிள்ளைகளோடு கரைக்குப் போனார்கள். மருமகள் துணையோடு, ஒவ்வொரு படியாக நின்று நின்று, மாலை நான்கு மணிக்கு அவர் மொட்டைமாடி ஏறி நாற்காலியில் அமர்ந்தார். அங்கிருந்து ஜயந்திநாதரும் தெரியவில்லை, சூரனும் தெரியவில்லை. ஒன்பது நிலை இராஜகோபுரமும், அதற்கு அப்பால் கடலின் ஒரு கீற்றும் தெரிந்தன. கைப்பேசியில் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. யானைமுகன் தலை விழுந்தபோது ஒரு முழக்கம் எழுந்தது. சிங்கமுகனுக்கு ஒன்று. சூரபதுமனுக்கு எழுந்த அரோகரா முழக்கம் மாடிகளின்மேல் உருண்டு வந்து நெடுநேரம் அடங்கவில்லை. கூட்டத்துக்கு உள்ளே நின்றிருந்த அத்தனை ஆண்டுகளிலும் அந்த ஒலியின் முழு அளவைத் தாம் கேட்டதே இல்லை என்று அவர் பின்னர் மகளிடம் சொன்னார்.

போர் முடிந்தபின் கோயிலில் சாயாபிஷேகம் நடக்கும். கண்ணாடியில் தெரியும் இறைவனின் பிம்பத்துக்குச் செய்யும் அபிஷேகம். போர் வெம்மை தணிய, நிழலுக்கு நீராட்டு. பேரன் அதைப் பார்த்துவிட்டு வந்து ஆச்சிக்கு விவரித்தான். நிஜத்தை விட்டுவிட்டுக் கண்ணாடிக்கு ஏன் ஊற்றுகிறார்கள் என்று கேட்டான். இதற்கும் ஆச்சியிடம் உடனடியாகப் பதில் இல்லை. பன்னீர் இலையில் மடித்து வந்த திருநீற்றைப் பிரித்து அவன் நெற்றியில் பூசினார். இலையில் பன்னிரண்டு நரம்பு இருக்கிறதா என்று அவன் எண்ணத் தொடங்கிவிட்டான்.

மறுநாள் திருக்கல்யாணம். அதற்கு முன் விடியலில், கூட்டம் கலைந்த கரைக்கு அம்மாளை அழைத்துச் சென்றார்கள். கரை வெட்டுண்டிருந்ததால் கீழே இறக்கவில்லை. பேரன் வீட்டுச் செம்பை எடுத்துக்கொண்டு அலைக்கும் ஆச்சிக்குமாக ஏழெட்டு முறை ஓடினான். பாதி நீர் வழியிலேயே சிந்திற்று.

வீட்டைக் காலி செய்யும்போது மூத்தவன் வாடகை, மளிகை, பால், வாகனம், மருத்துவர் என்று எல்லாவற்றையும் கூட்டி மூன்றாகப் பங்கிட்டான். அம்மாள் தாளை வாங்கிப் பார்த்தார். கணக்கு சரிதான், வகுத்தது தவறு, நான்காக வகுக்க வேண்டும் என்றார். கணவர் விட்டுப்போன குடும்ப ஓய்வூதியத்திலிருந்து தம் பங்கை எண்ணி வைத்துவிட்டு, வீட்டுக்காரப் பெரியவரிடம் வரும் ஆண்டுச் சஷ்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று விசாரித்தார். அவர் பஞ்சாங்கத்தை எடுத்துவர உள்ளே போனார்.